எந்தக் காட்டுக்கு அடித்த கத்தி?

காட்டுக்குள் கொண்டுபோக நல்ல கத்தி எது என்ற கேள்விக்கு, கூடாரமடித்துக் காட்டில் தங்கும் ஆசை கொண்டவர்களிடையே இன்று உலகம் முழுவதும் ஒரே விடைதான் புழங்குகிறது. மட்டக்களப்பு வாவிக்கரைக்கும் அந்த விடை வந்து சேர்ந்துவிட்டது. கத்தி மடக்காததாக இருக்க வேண்டும்; அலகு நான்கு அங்குலம், மிஞ்சினால் ஐந்து; அலகின் இரும்பு பிடியின் அடிவரை ஒரே தகடாக ஓட வேண்டும்; முதுகு தீப்பொறி தட்ட ஏற்றபடி சதுர விளிம்போடு இருக்க வேண்டும்; இடுப்பில் உறை; உருக்கு சுவீடனிலோ அமெரிக்காவிலோ பெயர்பெற்ற ஆலையில் பிறந்தது. புஷ்கிராஃப்ட் என்று பெயர் சூட்டிக்கொண்ட கலைக்கு இப்படி ஒரு கத்தி போதும், அதை வைத்துக் காட்டில் எதையும் செய்துவிடலாம் என்பது அந்தக் கொள்கையின் முத்தாய்ப்பு. அதன் மறுபக்கத்தைச் சொல்லாமலே எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். வாவியின் மேற்கே படுவான்கரையில் விறகு வெட்டுபவரும் மாட்டுப்பட்டிக்காரரும் தோளில் சாத்திக்கொண்டு போகிற காட்டுக்கத்தி, கம்மாலையில் அடித்த கறுத்த இரும்பு, நீண்ட மரப்பிடி போட்டது, கூலி வேலைக்குரிய முரட்டுச் சாமான் என்று ஒதுக்கப்படுகிறது. இந்த எண்ணம் பிழை என்பதே என் வாதம். ரசனை வேறுபாடு என்று இதை விட்டுவிட முடியாது. இரும்பையும் மரத்தையும் வைத்துச் சரிபார்க்கக்கூடிய பிழை இது.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டு நகரலாம். மடக்காத கத்திதான் காட்டுக்கு ஏற்றது என்பதில் எனக்கு மறுப்பில்லை. வில்லுக்கத்தியின் மூட்டுக்குள் மணல் போகும், மீன்செதில் போகும், விளாம்பிசின் போகும். பக்கவாட்டில் நெம்பினால் ஆணி தளர்ந்து அலகு ஆடத் தொடங்கும். ஆனால் இதைப் புதிதாக வந்திறங்கிய ஞானம் போலப் பேசுவதுதான் வேடிக்கை. காட்டுக்கத்தி, கொடுவாக்கத்தி, கைக்கத்தி, வேளாண்மை வெட்டும் தாக்கத்தி, பாளை சீவும் கத்தி என்று இந்தப் பக்கத்தில் உழைப்புக்கென அடிக்கப்பட்ட எந்தக் கத்தியும் மடங்கியதில்லை. வில்லுக்கத்தி சட்டைப்பைக்கு வந்தது, மாங்காய் சீவுவதற்கும் பென்சில் கூராக்குவதற்கும். ஆகவே தகராறு மடக்குவதா மடக்காததா என்பதில் இல்லை. அளவிலும் உருவத்திலும் இருக்கிறது. பிடிக்குள் போகும் இரும்பில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒற்றைக் கத்தி எல்லாக் காட்டுக்கும் பொருந்தும் என்ற நம்பிக்கையில் இருக்கிறது.

அந்த நம்பிக்கையின் பிறந்த இடத்தைப் பார்த்தால் அதன் அளவுகளுக்குக் காரணம் புரியும். கனடாவைச் சேர்ந்த மோர்ஸ் கொச்சான்ஸ்கி இந்தக் கலையின் ஆசான்களில் ஒருவராக மதிக்கப்படுபவர். 1980களின் பிற்பகுதியில் வெளிவந்த அவரது கையேட்டின் தலைப்பிலேயே ‘வடபுலம்’ என்ற சொல் நிற்கிறது. அவர் எழுதியது பைன், ஸ்புரூஸ், பேர்ச் மரங்கள் நிற்கும் குளிர்காட்டைப் பற்றி. உலர்ந்த ஸ்கொட்ஸ் பைன் ஒரு கனமீட்டர் ஏறக்குறைய 500 கிலோதான் இருக்கும். பேர்ச் 650 அளவில். இழை நேராக ஓடுகிற, வெண்ணெய் போலச் சீவத்தக்க மரங்கள் அவை. அங்கே மாதக்கணக்கில் பனி மூடிக் கிடக்கும். தரையில் கிடக்கும் விறகு எல்லாம் நனைந்திருக்கும். காய்ந்த உள்மரத்தை எட்டுவதற்குக் கட்டையைப் பிளந்தாக வேண்டும். பிளந்ததை இறகு போலச் சுருள் சுருளாகச் சீவித் தீ மூட்டியாக வேண்டும். மூட்டாவிட்டால் இரவு உயிரைக் கொண்டுபோகும். சின்னக் கத்தியின் முதுகில் தடியால் அடித்துக் கட்டையைப் பிளக்கும் வித்தை அந்தக் குளிரில் பிறந்த தேவை. கத்தி முழுத்தகடாக இருக்க வேண்டும் என்ற வற்புறுத்தலும் அந்த அடியைத் தாங்குவதற்காகத்தான். இவ்வளவும் நியாயமே. ஆனால் அங்கேயும் ஒற்றைக் கத்தி ஆண்டதில்லை. கொச்சான்ஸ்கியின் நூலில் கத்திக்கு ஓர் அதிகாரம் என்றால் கோடரிக்கு ஓர் அதிகாரம், மரம் அரியும் வாளுக்கு ஓர் அதிகாரம் உண்டு. நோர்வே, சுவீடன், பின்லாந்தின் வடக்கில் கலைமான் மேய்க்கும் சாமி மக்கள், சிறு கத்தியோடு ‘லெயுக்கு’ என்ற நீண்ட வெட்டுக்கத்தியையும் இடுப்பில் கட்டுகிறார்கள், பேர்ச்சுப் பற்றையை வெட்டுவதற்காக. அங்கே சின்னக் கத்தி சின்னதாக இருக்க முடிந்ததற்குக் காரணம், பெரிய வேலையைச் செய்யப் பக்கத்தில் வேறொன்று இருந்ததுதான். ஏற்றுமதியானபோது அந்தப் பக்கத்துக் கருவி கழன்றுவிட்டது. சின்னக் கத்தி மட்டும் பெட்டியில் வந்தது.

இனி அது வந்திறங்கிய காட்டைப் பாருங்கள். ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் வாவியின் மேற்கே, வவுணதீவையும் கொக்கட்டிச்சோலையையும் வெல்லாவெளியையும் தாண்டி, வயல்வட்டைகள் முடியும் இடத்தில் தொடங்குவது வறள்வலயக் காடு. மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் மரங்கள் தாகத்தோடு நின்று வளர்கின்றன. மெதுவாக வளரும் மரம் வைரம் பாய்ந்த மரம். பாலை, முதிரை, கருங்காலி, வீரை என்று பெயர் சொல்லும்போதே தச்சனின் உளி கூசும். கருங்காலியின் வைரம் தண்ணீரில் போட்டால் அமிழும், பாலையும் அப்படியே. முதிரையின் இழை நேராக ஓடாமல் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓடுவது. தளபாடத்தில் பட்டுப் போல மினுங்குவதற்கு அந்தப் பின்னல்தான் காரணம், பிளக்க மறுப்பதற்கும் அதுவே காரணம். இந்த மரத்தில் நான்கங்குலக் கத்தியை வைத்து முதுகில் தடியால் அடிப்பவர் கட்டையைப் பிளக்க மாட்டார். கத்தியைக் கட்டைக்குள் புதைத்துவிட்டு அதை வெளியே எடுக்க வழி தேடுவார். அப்படிப் பிளக்க வேண்டிய தேவையும் இங்கே அரிது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலில் மிதிபடும் சுள்ளியே சுளீரென்று பற்றும். மாரியிலும் தென்னையின் பன்னாடையும், காய்ந்த பாளையும், உமியும், சிரட்டையும் கிடைக்கும் ஊரில் தீ மூட்டுவது கத்தியின் வேலையே அல்ல. கத்தி முதுகில் பொறி தட்டும் கம்பி, நெருப்புப்பெட்டி விற்கும் கடையிலிருந்து பல நாள் நடைத்தூரத்தில் வாழ்பவருக்கு ஆனது. அதைப் பற்றி இதற்கு மேல் பேசத் தேவையில்லை.

அப்படியென்றால் இந்தக் காட்டில் கத்தி செய்ய வேண்டிய வேலை என்ன? வழி எடுப்பது முதல் வேலை. வைர மரங்களுக்கு இடையே தரையை மூடி நிற்பது சூரை, காரை, இலந்தை, ஈச்சு. இவற்றின் மேல் வலைபோலப் படரும் கொடிகள். சூரையின் முள் பின்னோக்கி வளைந்தது. உள்ளே நுழையும் கையை விடும், வெளியே எடுக்கும் கையைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது வேலை, அலம்பல் வெட்டுவது: சேனைக்கும் மாட்டுப்பட்டிக்கும் முள்வேலி கட்ட, கன்றுக்குக் குழை ஒடிக்க. மூன்றாவது, கம்பும் தடியும் வெட்டிக் காவல்பரண் கட்டுவது, வாடி போடுவது, இலுக்கு அறுத்துக் கூரை வேய்வது, கதியால் வெட்டி நடுவது. தேன் எடுப்பது, விறகு தறிப்பது, கிழங்கு கிண்டுவது எல்லாம் அதற்குப் பின்னர். இந்த வேலைகளில் முக்கால்வாசி ஒரு முழத்துக்கு அப்பால் நடப்பவை. வெட்டப்படும் பொருள் உடம்புக்கு அருகில் வரக்கூடாது. வந்தால் முள் வரும், முசுறு எறும்பின் கூடு வரும், பாம்பும் வரலாம். அதனால்தான் பற்றை வெட்டுபவர் இடக்கையில் ஒரு கவைத்தடியை வைத்துக் கிளையை இழுத்து வளைத்து, வலக்கையில் காட்டுக்கத்தியால் அதன் அடியில் போடுகிறார். இழுவிசையில் இருக்கும் கிளை பாதி வெட்டிலேயே முறிந்துவிடும். கத்தியின் மூக்கு உள்நோக்கி வளைந்திருப்பதால், வெட்டு வழுக்கிப் போகாமல் கிளையைக் கௌவுகிறது. வெட்டிய அலம்பலை அதே மூக்கால் கொளுவி இழுத்து எறியலாம். ஒரு கருவியில் வெட்டும், கொக்கியும், தடியும் சேர்ந்திருக்கின்றன. நேரான அலகும் கூர்நுனியும் கொண்ட சின்னக் கத்தியில் இம்மூன்றில் ஒன்றுகூட இல்லை.

நீண்ட பிடிக்குக் கணக்கும் சாட்சி சொல்கிறது. கை ஒரே வேகத்தில் சுழலும்போது, தோளிலிருந்து கத்தியின் வாய் வரையுள்ள தூரம் ஒன்றரை மடங்கானால் வாயின் வேகமும் ஒன்றரை மடங்காகும். அடியின் ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே அது இரண்டே கால் மடங்கு. அலகின் எடை கூடினால் ஆற்றலும் அதே விகிதத்தில் கூடும். எடை பிடியில் இல்லாமல் அலகின் முன்பாதியில் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது. விரலிடுக்கில் சமநிலையாக நிற்கிறது என்று சின்னக் கத்தியைப் புகழ்வார்கள். சீவுவதற்கு அது பெருமை. தறிப்பதற்கு அதுவே குறை. சமநிலை குலைந்து முன்னால் கனத்து நிற்பதுதான் காட்டுக்கத்தியின் குணம், அந்தக் கனம்தான் உழைப்பவரின் தோளை மிச்சப்படுத்துகிறது. முழுநாள் பற்றை வெட்டுபவருக்கு இது வசதிக்கணக்கு அல்ல, கூலிக்கணக்கு.

வாவியோரத்துக்கு வந்தால் தில்லை மரம் இந்த வாதத்தை ஒரே சொட்டுப் பாலில் முடித்துவைக்கும். சிதம்பரத்துக்கு அதன் மறுபெயரைக் கொடுத்த அதே தில்லை, கண்ணாவும் கிண்ணையும் கண்டலும் நிற்கும் சேற்றுக்கரையில் சாதாரணமாக வளர்கிறது. அதன் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையே தற்காலிகமாகப் போய்விடும். கண்டல் காட்டில் கைவைப்பது தவறு என்பது வேறு கதை. வரம்போரத்திலும் வளவு எல்லையிலும் வளர்ந்த தில்லைக் கிளையை நறுக்க வேண்டி வரும்போது, முகத்துக்கும் வெட்டுவாய்க்கும் இடையே இரண்டடி கூடுதலாக இருப்பது அழகுப் பிரச்சினை அல்ல.

அடுத்தது வால் பற்றிய மூடநம்பிக்கை. பிடிக்குள் போகும் இரும்பை இங்கே வால் என்று சொல்லிக்கொள்வோம். அது பிடியின் முழு அகலத்துக்கும் அடிவரை ஓடாவிட்டால் கத்தி நம்பத் தகாதது என்பது புதுக் கொள்கையின் பத்துக் கட்டளைகளில் முதலாவது. இதைச் சொல்பவர்கள் தங்கள் கொள்கையின் தாயகத்தையே மறந்துவிடுகிறார்கள். பின்லாந்தின் புகழ்பெற்ற ‘பூக்கோ’ கத்தியின் வால் மெல்லிய கம்பி போன்றது; பேர்ச் மரப்பிடிக்குள் துளையிட்டு இறக்கியது. சாமி மக்களின் லெயுக்குவும் அப்படியே. உலகின் மிகப் பெயர்பெற்ற போர்க்கத்திகளில் ஒன்றான நேபாளக் குக்ரியின் பழைய வடிவங்களில் வால் பிடியின் நடுவே சிறுத்து இறங்குகிறது. அரக்குப் போன்ற பசையே அதைப் பிடித்து வைக்கிறது. இவை பல தலைமுறை உழைத்த கத்திகள். சிறுத்த வால் பலவீனம் என்றால் இவர்களுக்கெல்லாம் அது தெரியாமல் போனதா? காட்டுக்கத்தியின் வாலும் சூடேற்றிப் பிடிக்குள் இறக்கப்பட்டு, வாயில் பூண் போட்டு இறுக்கப்படுவது. இரும்பு முழுதாக ஓடாததால் அடியின் அதிர்வை மரம் குடித்துக்கொள்கிறது; உள்ளங்கைக்கு வருவது மிச்சம். முழுத்தகட்டுக் கத்தியில் அதிர்வு நேரே எலும்புக்கு வரும், வேர்வையில் இரும்பு துருப்பிடிக்கும், கச்சான் வெயிலில் ஓரம் சுடும். பிடி உடைந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். உடையும், உடைய வேண்டிய இடம் அதுதான். விண்ணாங்குக் கம்பு ஒன்றை வெட்டிச் சீவிப் புதுப்பிடி போட அரைநாள் போதும். ஆலையில் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பிடி வெடித்தால் அரைநாளில் என்ன செய்ய முடியும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

உருக்கு என்று வரும்போது எதிர்த்தரப்பின் கை சற்று ஓங்கியிருப்பதாகத் தோன்றும். ஆலை உருக்கின் வேதியியல் தெரியும், கடினம் அளந்து பார்த்தது, ஒவ்வொரு கத்தியும் மற்றதைப் போலவே இருக்கும். கம்மாலையில் பெரும்பாலும் பயன்படுவது பழைய லொறியின் வில்லுத்தகடு. அதைக் கழிவிரும்பு என்று இகழ்வது அறியாமை. பள்ளத்திலும் மேட்டிலும் தொன்கணக்கான சுமையை லட்சக்கணக்கான தடவை தாங்கி வளைந்து மீளும்படி உருவாக்கப்பட்ட உருக்கு அது. அதில் கரி ஏறத்தாழ 0.6 சதவீதம். சீவும் கத்திக்கு இன்னும் கூடிய கரியும் கூடிய கடினமும் நல்லதாக இருக்கலாம். ஆனால் வைர மரத்தில் வீசி அடிக்கும் கத்திக்கு வேண்டியது முறுகல் இல்லாத திடம். மிகக் கடினமான மெல்லிய வாய், பாலைக் கணுவில் சற்றுக் கோணலாகப் பட்டாலே செதில் பறக்கும். பறந்த இடத்தை நிரப்ப யாராலும் முடியாது. சற்று மெத்தென்ற வாய் மடங்கும். மடங்கியதை அரத்தாலோ ஆற்றுக்கல்லாலோ நிமிர்த்தி மறுபடி தீட்டலாம். நல்ல கொல்லர் வாயை மட்டும் தோய்ச்சல் செய்து முதுகை மென்மையாக விடுவார். நேபாளத்தில் குக்ரி அடிக்கும் கொல்லர்கள் பழுக்கக் காய்ச்சிய அலகின் வாயில் மட்டும் கெண்டியால் தண்ணீர் ஊற்றிச் செல்வதும் இதே நுட்பம்தான். நம் நாட்டுச் சமனலவெவப் பக்கத்து மலைச்சரிவுகளில், பருவக்காற்றையே துருத்தியாக்கி 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை இரும்பு உருக்கியதைக் கில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார். அதைக் காட்டி மார்தட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. நான் அதை இங்கே சாட்சிக்கு அழைக்கவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய உலை, இன்றைய கம்மாலையில் தோய்ச்சல் சரியாக விழுந்ததற்கு உறுதி தராது. அந்த உறுதியை வாங்குபவர்தான் தேட வேண்டும்.

இந்த இடத்தில் உண்மையான வேறுபாடு வெளிப்படுகிறது: கத்தியின் உருவத்தைத் தீர்மானிப்பது யார்? 1660இல் மூதூர்ப் பக்கத்துக் கொட்டியாறுக் குடாவில் பிடிபட்டு ஏறக்குறைய 19 ஆண்டுகள் கண்டியரசில் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் அச்சான தன் நூலில் வேடரைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். வேண்டிய அம்பின் உருவத்தை இலையில் வெட்டி, இறைச்சியோடு சேர்த்து இரவில் கொல்லரின் பட்டறையில் தொங்கவிட்டுப் போவார்களாம். அதைப்போலவே செய்து வைத்தால் பின்னர் இன்னும் இறைச்சி கொண்டுவந்து கொடுப்பார்களாம். செய்யாவிட்டால் இரவில் அம்புதான் வருமாம். கடைசிப் பகுதியின் பயமுறுத்தல் ஒருபுறமிருக்க, அந்த இலையைக் கவனியுங்கள். கொல்லர் காட்டுக்குப் போகவில்லை. வேடர் உலையைத் தொடவில்லை. உருவம் காட்டிலிருந்து இலையாக வந்தது, இரும்பாகத் திரும்பிப் போனது. வாகரை, பனிச்சங்கேணிப் பக்கத்தில் தமிழ் பேசும் கரையோர வேடர் இன்றும் வாழும் மாவட்டத்தில் இந்தச் செய்தியை அந்நியக் கதையாகப் படிக்க முடியாது. கம்மாலையில் நின்று, மூக்கு இன்னும் கொஞ்சம் வளையட்டும், கழுத்து கனக்கட்டும் என்று சொல்பவர் கொடுப்பதும் அந்த இலையைத்தான்.

இது கீழைத்தேசத்துப் பழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் வேலி வெட்டும் கொக்கிக்கத்திக்கு ஒவ்வொரு பகுதியும் தனி உருவம் வைத்திருந்தது. யார்க்ஷயரில் இருபுறமும் வாய் வைத்து நீண்ட பிடி போட்டார்கள். கென்டில் வேறு வடிவம். ஆலைகள் வந்த பிறகும் விலைப்பட்டியல்களில் ஊர்ப்பெயர்களோடு அந்த வடிவங்கள் தனித்தனியாக நின்றன. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 1826இல் தொடங்கிய கொலின்ஸ் நிறுவனம் லத்தீன் அமெரிக்கா முழுவதற்கும் வெட்டுக்கத்தி செய்து விற்றபோது, ஒரே அச்சைத் திணிக்கவில்லை. நாட்டுக்கு நாடு, பயிருக்குப் பயிர் என்று நூற்றுக்கணக்கான வடிவங்களை அடித்தது. லாபம் பார்த்த வணிகருக்கே தெரிந்திருந்தது, கரும்புத் தோட்டத்துக் கத்தி மலைக்காட்டில் விலைபோகாது என்று. இரண்டாம் உலகப் போரில் வெப்பமண்டலக் காட்டுக்குள் இறங்கிய அமெரிக்கப் படை, 1942ஆம் ஆண்டு மாதிரி என்ற பெயரில் 18 அங்குல அலகுள்ள வெட்டுக்கத்தியை வழங்கியது. மலாயாவில் பராங், பிலிப்பைன்ஸில் போலோ, பர்மாவில் தா. ஈரமும் கொடியும் முள்ளும் உள்ள காட்டில் வாழ்ந்த மக்கள் கூட்டங்கள் பலவும் தனித்தனியே நீண்ட, முன்கனத்த அலகையே தேர்ந்திருக்கின்றன. இத்தனை பேரும் ஒரே பிழையைச் செய்தார்கள் என்று வாதிடுவதற்கு மிகுந்த துணிச்சல் வேண்டும்.

கைத்திறன் உள்ளவர் சின்னக் கத்தியாலேயே எல்லாம் செய்துவிடுவார் என்பது அடிக்கடி கேட்கும் மறுமொழி. செய்வார். கைத்திறன் உள்ளவர் தேங்காய்ச் சிரட்டையாலும் குழி தோண்டுவார். அது அவருடைய திறமைக்குச் சான்று, சிரட்டைக்கு அல்ல. சீவல் வேலை, முடிச்சு அறுப்பது, மீன் வெட்டுவது, பொறிக்குச்சி செதுக்குவது ஆகியவற்றுக்குச் சிறிய கத்தி கட்டாயம் வேண்டும்; காட்டுக்கத்தியை வைத்து அவற்றைச் செய்ய முயல்வது அதே மடமையின் மறுபுறம். அதற்கென்று இங்கே கைக்கத்தி இருக்கிறது. தீட்டித் தீட்டித் தேய்ந்த காட்டுக்கத்தியின் அலகையே மறுபடி அடித்துக் கைக்கத்தியாக்கிக்கொள்வதும் உண்டு. பெரியது தோளில், சிறியது மடியில். சாமி மக்கள் வேறு திசையிலிருந்து வந்து சேர்ந்த அதே முடிவு. நான் மறுப்பது சின்னக் கத்தியை அல்ல, ‘ஒன்றே போதும்’ என்ற வீறாப்பை.

வாவியில் மட்டும் எதிர்த்தரப்புக்கு ஒரு வெற்றி உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. உவர்நீரில் வில்லுத்தகட்டு உருக்கு ஒரே இரவில் செம்மை பூசிக்கொள்ளும். எண்ணெய் தடவி வைத்தாலும் தோணிக்குள் அது நெடுநாள் தாங்காது. அங்கே துருப்பிடிக்காத உருக்கே சரி. ஆனால் அதற்குப் புஷ்கிராஃப்ட் முத்திரை குத்திய விலையுயர்ந்த கத்தி எதற்கு? சந்தையில் கிடைக்கும் மலிவான சமையற்கத்தி அதே வேலையைச் செய்கிறது. அது வாவிக்குள் விழுந்தாலும் யாரும் பின்னால் குதிப்பதில்லை.

ஆபத்து பற்றிய மறுப்புக்கு இன்னும் கவனமான பதில் வேண்டும். நீண்ட கத்தி வீச்சில் நழுவினால் காலைத் துண்டித்துவிடும் என்கிறார்கள். நழுவினால் உண்மைதான், அதனால்தான் பிடியின் அடி சற்றுப் பருத்திருக்கும், கை வழுக்காதபடி. பக்கத்தில் ஆள் நின்றால் வீசக்கூடாது என்பதும் வேலையோடு சேர்ந்தே வரும் பாடம். ஆனால் கட்டையான பிடியுள்ள கத்தியை வீசி வெட்ட முயல்பவரின் வெட்டு தவறினால் அதன் பாதை முழங்காலிலும் தொடையிலும் போய் முடிகிறது. நீண்ட பிடியில் அதே தவறு பெரும்பாலும் மண்ணில் முடிகிறது. குறுங்கோடரி நெடுங்கோடரியைவிட ஆபத்தானது என்று வடபுலத்து ஆசான்கள் சொல்வதும் இதே காரணத்தால்தான். தங்கள் கோடரிக்குச் சொன்ன பாடத்தை நம்முடைய கத்திக்குப் பொருத்திப் பார்க்க அவர்கள் சீடர்களுக்குத் தோன்றவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. வெட்டுக்கத்தி இன்று செய்தித்தாளில் ‘மன்னாக்கத்தி’ என்ற பெயரோடு வன்முறையின் அடையாளமாக நிற்கிறது; நாகரிகமான மனிதர் அதைத் தோளில் சுமக்கலாமா? நாட்டில் நடந்தவற்றை எண்ணினால் இந்த அச்சத்தை எளிதாகத் தள்ள முடியாது. ஆனால் அச்சம் பொருளின் மேல் தவறான இடத்தில் விழுகிறது. தோளில் சாத்திய காட்டுக்கத்தி எல்லோர் கண்ணுக்கும் படும். எங்கே போகிறார், எதற்குப் போகிறார் என்று கேட்காமலே ஊருக்குத் தெரியும். சட்டைக்குள் ஒளியும், குத்துவதற்கென்றே கூர்நுனி வைத்த நான்கங்குல அலகுக்கு அந்த வெளிப்படை கிடையாது. காட்டுக்கத்தியின் வளைந்த மூக்கால் குத்த முடியாது. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையில் பட்டி காப்பவரின் கத்தியைக் குற்றவாளியின் கத்தியாகப் பார்த்துவிட்டு, நகரத்து இடுப்பில் தொங்கும் இறக்குமதிக் கத்தியைப் பொழுதுபோக்காகப் பார்ப்பது, கத்தியைப் பற்றிய தீர்ப்பாக எனக்குத் தெரியவில்லை. யார் கையில் இருக்கிறது என்பதைப் பற்றிய தீர்ப்பாகவே தெரிகிறது.

பெரிய கத்தி காட்டை அழிக்கும், சிறியது காட்டை மதிக்கும் என்ற வாதமும் இதன் உடன்பிறப்பு. ஒதுக்கக் காட்டில் மரம் வெட்டுவது 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் காட்டுக் கட்டளைச் சட்டம் தொட்டே குற்றம். அலகின் நீளத்தைப் பார்த்துச் சட்டம் சலுகை தருவதில்லை, தரவும் கூடாது. பெருங்காட்டை வெறுமையாக்கியது தோளில் சாத்திய கத்தி அல்ல, சங்கிலிவாளும் புல்டோசரும். கிளையைச் சரிவாக ஒரே வெட்டில் எடுத்தால் காயம் சுத்தமாக ஆறும், தளிர் மறுபடி வரும். குழை ஒடிப்பவருக்கு அடுத்த ஆண்டும் அந்த மரம் வேண்டும். சிறு கத்தியால் பலமுறை அறுத்து, முறுக்கி, நார் கிழித்து எடுக்கும் கிளையின் காயம் அழுகும். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலின் தலக்கதையில், தேனுக்காக வேடர் ஒருவர் கொக்கட்டி மரத்தை வெட்டியபோது இரத்தம் பெருகியதாகச் சொல்வார்கள். கதையை நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். அலகு மரத்தில் படும்போது ஒரு கணம் தயங்க வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதற்கு மட்டும் அது சாட்சி.

கடைசியாக எஞ்சுவது, கம்மாலைகளே அருகிவிட்டன, பற்றை வெட்டவும் இயந்திரம் வந்துவிட்டது, பிறகு எதற்கு இந்த வக்காலத்து என்ற கேள்வி. இறக்குமதிக் கத்தியின் உண்மையான பலம் இதுதான்: அது கடையில் கிடைக்கிறது. போர்க்காலத்தில் பல்லாண்டுகள் காடு சாதாரண மக்களுக்கு மூடிக் கிடந்தது. மூத்தவரோடு காட்டுக்குப் போய்ப் பழகும் வாய்ப்பு ஒரு தலைமுறைக்குக் கிட்டவில்லை. அந்த வெற்றிடத்தில் திரையில் கண்ட கத்தி குடியேறியதில் வியப்பில்லை. ஆனால் கம்மாலை ஒன்று இன்னும் ஊதிக்கொண்டிருக்கும் தூரத்தில் வாழ்பவர், வெளிநாட்டுக் கத்திக்குப் பணம் அனுப்புமுன் அங்கே ஒருமுறை போகலாம். வில்லுத்தகட்டை நேரில் பார்த்து, மூக்கின் வளைவைக் கடதாசியில் வரைந்து கொடுத்து, தோய்ச்சல் வாயில் மட்டும் நிற்கட்டும் என்று சொல்லலாம். அலகு வந்ததும் அரத்தை அதன் வாயில் ஓட்டிப் பார்க்க வேண்டும்: வழுக்கினால் தோய்ச்சல் முறுகிவிட்டது, ஆழமாகக் கடித்தால் போதவில்லை, இரண்டுக்கும் நடுவில் சற்றே பிடித்து நகர்ந்தால் வாங்கலாம். முதுகில் அதே அரம் தாராளமாகக் கடிக்க வேண்டும்.